போன் சொல்வது ஒன்று, போனில் பேசுபவர் சொல்வது ஒன்று: தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு இணைய மோசடித் தடுப்பு வழிகாட்டி

சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீடு. சாயங்காலம் ஐந்து மணி தாண்டிப் போன் அடிக்கிறது. "வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து பேசுகிறோம் அம்மா. கேப் டவுனில் ஒரு கடையில் உங்கள் கார்டிலிருந்து 8,499 ரேண்ட் போகப் பார்க்கிறது. வாங்குவது நீங்கள்தானா?" இல்லவே இல்லை என்கிறார் அந்த அம்மா. "பதற வேண்டாம், நிறுத்திவிடலாம். இப்போது உங்கள் ஆப்பில் ஒரு கேள்வி வரும். சம்மதம் என்று அழுத்துங்கள், பணம் நின்றுவிடும்." கேள்வி வருகிறது. அதில் எழுதியிருப்பது: "இந்தக் கடைக்கு 8,499 ரேண்ட் செலுத்தச் சம்மதமா?" காதில் விழுவது பணத்தை நிறுத்துவதற்கு. கண்ணில் படுவது பணத்தைக் கொடுப்பதற்கு. அந்த அம்மா காதை நம்புகிறார்.

இங்கே நடக்கும் மோசடிகளில் பெரும்பாலானவற்றின் சூட்சுமம் இவ்வளவுதான். வங்கியின் கணினியை உடைத்து உள்ளே போக யாரும் மெனக்கெடுவதில்லை. கதவை உள்ளிருந்து நாமே திறந்துவிடும்படி பேசத் தெரிந்தால் போதும். ஆகவே கீழே வரும் படிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பழக்கம்தான் இருக்கிறது: பேச்சை விட்டுவிட்டுத் திரையில் எழுதியிருப்பதைப் படிப்பது.

என் ஐ.டி. எண் அவருக்கு எப்படித் தெரியும்?

ஏமாந்தவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் வாக்கியம், "என் ஐ.டி. எண்ணையே சொன்னாரே" என்பதுதான். சொல்லுவார். 2020ஆம் ஆண்டில் எக்ஸ்பீரியன் கடன் தகவல் நிறுவனத்திலிருந்து 2 கோடியே 40 லட்சம் தென்னாப்பிரிக்கர்கள் வரையிலான தகவல் வெளியே போனது. 2022 மார்ச்சில் டிரான்ஸ்யூனியனிலும் ஊடுருவல் நடந்தது. பெயர், ஐ.டி. எண், போன் எண், முகவரி என்று பலருடைய விவரம் ஏற்கெனவே சந்தையில் சுற்றுகிறது.

ஐ.டி. எண் கையில் இருந்தால் இன்னும் பல விஷயம் தானாகக் கிடைக்கும். 13 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி. 580614 என்றால் 1958 ஜூன் 14. அடுத்த நான்கு இலக்கம் 5000க்குக் கீழே இருந்தால் பெண், அதற்கு மேல் ஆண். பதினோராவது இலக்கம் 0 என்றால் குடிமகன், 1 என்றால் நிரந்தரக் குடியிருப்பாளர். "உங்கள் பிறந்த நாள் ஜூன் 14தானே அம்மா?" என்று கேட்பது வங்கி ஊழியருக்கு மட்டும் முடிகிற காரியம் இல்லை. உங்களைப் பற்றி ஒருவருக்கு எவ்வளவு தெரிகிறது என்பது அவர் யார் என்பதற்குச் சாட்சி ஆகாது. திரையில் தெரியும் போன் எண்ணும் அப்படியே. வங்கியின் எண்ணே தெரியும்படி போலியாகக் காட்ட முடியும்.

வங்கி என்று அழைப்பு வந்தால்

ஒரே வேலை: வைத்துவிடுங்கள். வாதாட வேண்டாம், சோதித்துப் பார்க்கவும் வேண்டாம். கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை நீங்களே அழுத்தி, "இப்போது என்னை அழைத்தீர்களா?" என்று கேளுங்கள். சில வங்கிகளின் ஆப்பில், வங்கி உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதை உறுதி செய்யும் அறிவிப்பு தெரியும் வசதி வந்திருக்கிறது. உங்கள் வங்கியில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவையுங்கள். அழைப்பு வந்த பிறகு தேடினால், எங்கே அழுத்துவது என்று அழைத்த மோசடிக்காரரே வழிகாட்டுவார்.

உண்மையான வங்கி ஊழியர் பின் எண்ணையோ, பாஸ்வேர்டையோ, ஓ.டி.பி.யையோ கேட்க மாட்டார். இது பலருக்கும் தெரியும். தெரியாதது இது: இப்போதெல்லாம் மோசடிக்காரர்கள் அந்த எண்ணைக் கேட்பதே குறைந்துவிட்டது. அதற்குப் பதில் இந்த மூன்றில் ஒன்றைச் செய்யச் சொல்வார்கள்.

முதலாவது, ஆப்பில் வரும் சம்மதக் கேள்விக்கு "ஆம்" அழுத்துவது. மேலே பார்த்த கதை அதுதான். இதன் ஒன்றுவிட்ட தம்பி டெபிசெக், அதாவது மாதாமாதப் பிடித்தத்துக்கு வங்கி வழியாக உங்கள் ஒப்புதலைக் கேட்கும் முறை. "உங்களுக்கு இலவச இறுதிச் சடங்குக் காப்பீடு கிடைத்திருக்கிறது, ஏற்றுக்கொண்டால் போதும்" என்பார்கள். வரும் செய்தியில் ஒரு நிறுவனத்தின் பெயர், மாதத் தொகை, பிடித்தம் செய்யும் தேதி எல்லாம் இருக்கும். ஏற்றுக்கொண்டால் அது மாதாமாதம் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த ஒப்புதல். பின்னால் மறுப்பது கஷ்டம்.

இரண்டாவது, உங்கள் திரையைத் தூரத்திலிருந்தே பார்க்கவிடும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஆப்பை இறக்கச் சொல்வது, அல்லது வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் திரையைப் பகிரச் சொல்வது. இவை தம்மளவில் நல்ல மென்பொருள்கள். கணினிப் பழுது பார்ப்பவர்கள் தினமும் பயன்படுத்துபவை. ஆனால் உங்கள் திரை அவருக்குத் தெரியும்போது ஓ.டி.பி.யைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அவரே படித்துக்கொள்வார்.

மூன்றாவது, "உங்கள் கணக்கு பாதுகாப்பாக இல்லை, பணத்தை இந்தப் புதிய பாதுகாப்புக் கணக்குக்கு மாற்றுங்கள்" என்பது. எந்த வங்கியிலும் பாதுகாப்புக் கணக்கு என்று ஒன்று கிடையாது.

இணைப்பும் முகவரியும்

"உங்கள் பார்சல் டர்பன் கிடங்கில் நிற்கிறது. சுங்கக் கட்டணம் 29.90 ரேண்ட். கட்ட இங்கே அழுத்தவும்." இந்த எஸ்.எம்.எஸ். வராத போன் இந்த நாட்டில் இருக்காது. 29 ரேண்டுதானே என்று கார்டு எண்ணைப் போடுகிறோம். ஓ.டி.பி. வருகிறது, அதையும் போடுகிறோம். அந்த ஓ.டி.பி. செய்தியை நிதானமாகப் படித்தால், 29.90 என்று எழுதியிருக்காது. "உங்கள் கார்டை டிஜிட்டல் வாலட்டில் சேர்க்க" என்று இருக்கும். அதாவது உங்கள் கார்டு அவருடைய போனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இனி அவர் கடைக்குக் கடை போனைத் தட்டிப் பொருள் வாங்குவார், ஒவ்வொரு முறையும் உங்களிடம் ஓ.டி.பி. கேட்கப்போவதில்லை. 29 ரேண்ட் ஒரு சாக்கு. வேண்டியது அந்த ஒரே ஒரு ஓ.டி.பி.தான்.

இணைய முகவரியைப் படிக்கத் தெரிந்தால் இதில் பாதி அங்கேயே விழுந்துவிடும். பலர் இடமிருந்து வலமாகப் படித்து, தெரிந்த வங்கியின் பெயர் முதலில் வந்ததும் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். முகவரியை வலமிருந்து படிக்க வேண்டும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வையுங்கள். அங்கிருந்து இடப்பக்கம் நகருங்கள். முதலில் ".காம்" அல்லது ".சிஓ.இசட்ஏ" போன்ற முடிவு வரும். அதற்கு ஒட்டி இடப்பக்கம் இருக்கும் சொல்தான் வீட்டுச் சொந்தக்காரர். அதற்கும் இடப்பக்கம் இருப்பதெல்லாம் அவர் தன் வீட்டு வாசலில் தன்னிஷ்டத்துக்கு மாட்டிய பலகை.

"உங்கள்வங்கி.சிஓ.இசட்ஏ.செக்யூர்-லாகின்.காம்/" என்ற முகவரியில் சொந்தக்காரர் வங்கி இல்லை, "செக்யூர்-லாகின்" என்ற யாரோ. அரசுத் தளங்கள் ".கவ்.இசட்ஏ" என்று முடியும், அதைத் தனியார் பதிவு செய்ய முடியாது. பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். வழியில் யாரும் ஒட்டுக் கேட்கவில்லை என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. வழியின் முடிவில் இருப்பவன் திருடனா என்று அது பார்க்காது.

போனில் இணைப்பை அழுத்திப் பிடித்தால் திறக்காமலே முழு முகவரி தெரியும். அதைவிடச் சுலபம், செய்தியில் வரும் இணைப்பு வழியாக வங்கிக்கோ வரித் துறையான சார்ஸுக்கோ எப்போதுமே போகாமல் இருப்பது. வரிக் கணக்குப் பருவம் ஜூலையில் தொடங்கும்போது "உங்களுக்கு 4,000 ரேண்ட் ரீஃபண்டு" என்ற மின்னஞ்சல்கள் மழையாகக் கொட்டும். ரீஃபண்டு உண்மையானால் சார்ஸின் இ-ஃபைலிங் தளத்தில் நீங்களாக நுழைந்தாலும் அது அங்கேதான் இருக்கும்.

ஊருக்குக் கோயில் யாத்திரை கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய இ-விசா என்று தேடினால் விளம்பரமாக மேலே வருபவை பெரும்பாலும் தரகர் தளங்கள், சில அப்பட்டமான போலி. இந்திய அரசின் தளம் ".கவ்.இன்" என்று முடியும். பாஸ்போர்ட் பக்கத்தின் படம் தவறான கைக்குப் போவது, கட்டிய காசு போவதைவிடப் பெரிய தலைவலி.

சிம் ஸ்வாப்

மோசடிக்காரர் உங்கள் பெயரில் வேறொரு சிம் வாங்கி, உங்கள் எண்ணைத் தன் போனுக்கு மாற்றிக்கொள்வது. அதன் பிறகு ஓ.டி.பி. எல்லாம் அவருக்குத்தான் வரும். அறிகுறி ஒன்றே: நல்ல சிக்னல் இருக்கும் இடத்தில், மற்றவர்கள் போன் வேலை செய்யும்போது, உங்கள் போனில் மட்டும் நெட்வொர்க் இல்லை என்று வரும்.

இதற்கு முன்னால் ஒரு சின்ன நாடகம் நடக்கலாம். சிம் மாற்றக் கோரிக்கை வந்ததும் நெட்வொர்க் உங்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும். அதை நீங்கள் பார்க்கக் கூடாது என்பதற்காக, அதே நேரத்தில் தெரியாத எண்களிலிருந்து விடாமல் அழைப்பு வரும். எரிச்சலில் போனை அணைத்துவிடுவீர்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான். ஆகவே அழைப்பு மழை பெய்தால் ஒலியை மட்டும் குறையுங்கள், போனை அணைக்காதீர்கள், வரும் எஸ்.எம்.எஸ்.களைப் படியுங்கள்.

லோட் ஷெடிங் மின்வெட்டு நேரத்தில் டவர் படுத்துவிடுவதைப் பார்த்துப் பழகியதால், "நெட்வொர்க் போய்விட்டது, வரும்" என்று உட்கார்ந்திருப்பது நமக்குச் சகஜம். பக்கத்து வீட்டு போனில் அதே நிறுவனத்தின் சிக்னல் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். இருந்தால் அந்தப் போனிலிருந்தே முதலில் வங்கி, பிறகு வோடகாமோ எம்.டி.என்னோ.

வாட்ஸ்அப் கணக்கைப் பிடிப்பது

கூழ் ஊற்றும் குழு, காவடிக் குழு, குடும்பக் குழு என்று நமக்கு வாட்ஸ்அப்பில்தான் பாதி வாழ்க்கை. அதே குழுவில் இருக்கும் அக்கா ஒருவர் செய்தி அனுப்புகிறார்: "தப்பா உன் எண்ணுக்கு ஒரு ஆறு இலக்க நம்பர் வந்துடுச்சு, கொஞ்சம் அனுப்பு." அது உங்கள் வாட்ஸ்அப்பை வேறு போனில் திறக்கும் சரிபார்ப்பு எண். அனுப்பியதும் உங்கள் வாட்ஸ்அப் போய்விடும். அக்காவின் கணக்கு நேற்றே போய்விட்டது. அவர் பெயரில் கேட்டது வேறு ஆள். அடுத்து உங்கள் பெயரில் உங்கள் சித்தப்பாவிடம், "அவசரம், 2,000 அனுப்புங்க, நாளைக்குத் தர்றேன்" என்று போகும்.

வாட்ஸ்அப் அமைப்புகளில் "கணக்கு" என்ற பகுதிக்குள் "இரண்டு படிச் சரிபார்ப்பு" இருக்கிறது. அங்கே நீங்களே ஒரு ஆறு இலக்கப் பின் வைத்துக்கொள்ளுங்கள், மீட்பு மின்னஞ்சலும் கொடுங்கள். அதன் பிறகு எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் எண் மட்டும் கையில் இருந்தால் போதாது. "இணைத்த சாதனங்கள்" பகுதியை மாதம் ஒருமுறை பாருங்கள். தெரியாத கணினி அங்கே இருந்தால் வெளியேற்றுங்கள்.

இன்னொரு வழி, நட்சத்திரத்தில் தொடங்கும் ஒரு எண்ணை டயல் செய்யச் சொல்வது. *21* என்று தொடங்கி ஒரு போன் எண்ணும் # குறியும் வந்தால், அது உங்கள் அழைப்புகளை அந்த எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. பிறகு வாட்ஸ்அப்பின் சரிபார்ப்பு எண்ணை மோசடிக்காரர் அழைப்பாகக் கேட்டால் அவருக்குத்தான் போகும். ##002# டயல் செய்தால் எல்லாத் திருப்பல்களும் ரத்தாகும். சந்தேகம் வந்தால் செய்துவிடுங்கள். வாய்ஸ்மெயில் திருப்பலும் சேர்ந்து போகும், அதைத் திரும்ப அமைத்துக்கொள்ளலாம்.

பணம் கேட்டு யாரிடமிருந்து செய்தி வந்தாலும், அவரைச் சாதாரண அழைப்பில் கூப்பிட்டுக் குரலைக் கேளுங்கள். குரலையும் இப்போது போலியாகச் செய்கிறார்கள், ஆகவே அவரிடமிருந்து வரும் குரல் பதிவு போதாது; அழைப்பது நீங்களாக இருக்க வேண்டும். கோயில் நன்கொடைக்கும் இதேதான். குருக்களின் படத்தை வைத்துப் புதிய எண்ணிலிருந்து கணக்கு எண் வந்தால், அனுப்பும் முன் கமிட்டியில் ஒருவரைக் கேளுங்கள்.

கணக்கு எண் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால்

இந்தப் பகுதியை நிறுத்திப் படியுங்கள். இங்கே போகும் தொகைதான் மிகப் பெரியது.

நீங்கள் வீடு வாங்குகிறீர்கள், அல்லது கார், அல்லது கடைக்குச் சரக்கு. வழக்கறிஞரோ வியாபாரியோ பி.டி.எஃப்.பில் வங்கி விவரம் அனுப்புகிறார். யாரோ ஒருவருடைய மின்னஞ்சல் பெட்டிக்குள் மோசடிக்காரர் வாரக்கணக்கில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறார். சரியான நேரத்தில் அந்த பி.டி.எஃப்.பில் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்புகிறார். கையெழுத்து, முத்திரை, நடை எல்லாம் அப்படியே இருக்கும். முகவரியில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசப்படும். சிலசமயம் அதுகூட இல்லை.

ஜோஹன்னஸ்பர்கில் 2019இல் ஒருவர் வீடு வாங்கினார். 5 லட்சம் ரேண்ட் முன்பணம் கட்டும்போது, வீட்டுத் தரகரைப் போனில் அழைத்துக் கணக்கு எண்ணைச் சரிபார்த்துக்கொண்டார். மீதி 55 லட்சம் ரேண்டைக் கட்டும்போது அப்படிச் சரிபார்க்கவில்லை. பணம் மோசடிக் கணக்குக்குப் போனது. 2023இல் உயர் நீதிமன்றம், சொத்துப் பதிவைக் கவனித்த வழக்கறிஞர் நிறுவனமே நஷ்டத்தை ஏற்க வேண்டும் என்றது. 2024 ஜூனில் புளூம்ஃபொன்டைனில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது: தன்னைக் காத்துக்கொள்ளும் வழி பணம் கட்டியவரிடமே இருந்தது என்று. சரிபார்க்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு தேவையில்லை.

செய்ய வேண்டியது இது. முதல் சந்திப்பிலேயே, நேரில், அலுவலகத்தின் போன் எண்ணையும் கணக்கு எண்ணையும் தாளில் வாங்கிவையுங்கள். பணம் கட்டும் நாளில் அந்தத் தாளில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படிக்கச் சொல்லுங்கள். மின்னஞ்சலின் அடியில் இருக்கும் எண்ணுக்கு அல்ல. உங்கள் வங்கியின் கணக்குச் சரிபார்ப்பு வசதியில் கணக்கு எண்ணும் உரியவரின் ஐ.டி. அல்லது நிறுவனப் பதிவு எண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெரிய தொகையானால் முதலில் 100 ரேண்ட் அனுப்பி, கிடைத்ததா என்று போனில் கேளுங்கள்.

பெயர் சரியாகப் போட்டேனே என்று நினைக்காதீர்கள். இங்கே சாதாரண இ.எஃப்.டி.யில், அதாவது வங்கிக்கு வங்கி மின்னணுப் பரிமாற்றத்தில், பணம் போவது கணக்கு எண்ணைப் பார்த்துத்தான். பெறுபவர் பெயர் என்று நீங்கள் எழுதியது உங்கள் ஞாபகத்துக்கு எழுதிய குறிப்பு மாதிரி.

வாங்குவதும் விற்பதும்

ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் சோபா விற்கிறீர்கள். வாங்குபவர் "இ.எஃப்.டி. செய்துவிட்டேன்" என்று சீட்டு அனுப்புகிறார், வாசலில் சோபா ஏற்ற பக்கி வண்டி நிற்கிறது. வேறு வங்கியிலிருந்து வரும் சாதாரண இ.எஃப்.டி. அடுத்த வேலை நாள்கூட ஆகலாம். உடனடிப் பரிமாற்றமோ பேஷாப்போ என்றால் நிமிடங்களில் வந்துவிடும். சீட்டைப் பார்க்காதீர்கள், அதைப் போனிலேயே தயாரிக்கலாம். உங்கள் ஆப்பில் நீங்களாக நுழைந்து, எடுக்கக்கூடிய இருப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறும்வரை சோபா வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். எஸ்.எம்.எஸ். வந்ததே என்று நம்புவதும் தப்பு. அதையும் போலியாக அனுப்பலாம்.

"தவறிப்போய் 5,000 அதிகம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்றாலும் அதே விடைதான். உண்மையிலேயே பணம் வந்திருந்தாலும் நீங்களாகத் திருப்பாதீர்கள், வங்கியிடம் சொல்லுங்கள். வேறொருவரிடம் திருடிய பணம் உங்கள் கணக்கு வழியாகக் கடந்து போவதாகவும் இருக்கலாம்.

வாங்கும் பக்கம் டிசம்பர்தான் ஆபத்து. பாலிட்டோ, மார்கேட், உம்ஷ்லாங்காவில் கடலைப் பார்த்த வீடு, விலை பாதி, "இன்று பாதிப் பணம் கட்டினால்தான் பிடித்துவைக்க முடியும்." படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். அதே வீடு வேறு பெயரில் வேறு விலையில் வந்தால் முடிந்தது. கட்டடத்தின் அலுவலகத்துக்கு நீங்களாக எண்ணைத் தேடி அழைத்து, அந்த எண்ணுள்ள ஃபிளாட் வாடகைக்கு விடப்படுகிறதா என்று கேளுங்கள்.

பேஷாப் 2023 மார்ச்சில் வந்தபோது ஒரு பரிமாற்றத்துக்கு 3,000 ரேண்ட்தான் உச்சம். பின்னர் அது 50,000 ஆக உயர்த்தப்பட்டது. வசதிதான், தப்பாகப் போனால் அதே வேகத்தில் 50,000 போகும். உங்கள் ஆப்பில் அந்த வரம்பைக் குறைத்துவைக்க முடியும்.

மாதம் பத்து சதவீதம்

ஸ்டெல்லன்போஷில் இருந்த மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல், பிட்காயினைக் கொடுத்தால் கணினி நிரல் வியாபாரம் செய்து மாதம் 10 சதவீதம் வரை பெருக்கித் தரும் என்றது. பலர் சொந்தக்காரர்களைச் சேர்த்துவிட்டுக் கமிஷனும் வாங்கினார்கள். 2021இல் நிறுவனத்துக்கு இறுதிக் கலைப்பு உத்தரவு வந்தது. 2023இல் மேற்குக் கேப் உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோத பான்சித் திட்டம், அதாவது புதிதாகச் சேருபவரின் பணத்தைப் பழையவருக்கு லாபமாகக் கொடுக்கும் திட்டம், என்று அறிவித்தது. அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் போட்ட வழக்கில் குறிப்பிட்ட அளவு 29,421 பிட்காயின். பலரும் எதிர்பாராதது இதற்குப் பிறகு வந்தது: போட்டதைவிட அதிகமாக எடுத்தவர்களிடமிருந்து அதைத் திரும்பக் கேட்டார்கள் கலைப்பாளர்கள். "நான் முன்னாலேயே எடுத்துவிட்டேன், எனக்கு லாபம்தான்" என்பது ஓடாத கணக்கு.

சோதிக்கச் சட்டமே ஓர் அளவுகோல் தருகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டி விகிதத்தைவிட ஆண்டுக்கு 20 சதவீதமோ அதற்கு மேலோ கூடுதலாக வருமானம் தருவதாகச் சொல்லும் திட்டம் பெருக்கல் திட்டம். அது தடை செய்யப்பட்டது. ரெப்போ 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கோடு 27இல் விழுகிறது. மாதக் கூட்டு வட்டியாகப் பார்த்தால் சுமார் 2 சதவீதம். வாட்ஸ்அப்பில் 200 போட்டால் 1,200 வரும் என்னும் "ஸ்டாக்வெல்" சேமிப்புக் குழு எங்கே, இந்த 2 சதவீதம் எங்கே. நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகப் போடும் சீட்டில் போட்டதுதான் முறை வைத்துத் திரும்பி வரும். ஆளைச் சேர்த்தால் பெருகும் என்று யாரும் சொன்னதில்லை.

முதலீட்டு ஆலோசகர் யாரானாலும் அவருடைய எஃப்.எஸ்.பி. எண்ணை, அதாவது நிதிச் சேவை உரிம எண்ணைக் கேட்டு, நிதித் துறை நடத்தை ஆணையமான எஃப்.எஸ்.சி.ஏ.வின் தளத்தில் தேடுங்கள். எண் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பதிவில் உள்ள நிறுவனப் பெயரும், போன் எண்ணும், எந்த வகை முதலீட்டுக்கு உரிமம் என்பதும் உங்களிடம் சொன்னதோடு பொருந்த வேண்டும். அசல் நிறுவனத்தின் எண்ணை எடுத்து ஒட்டிக்கொள்வது பழைய வித்தை. 2022 அக்டோபர் முதல் கிரிப்டோவும் நிதிப் பொருள் என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. அதற்கும் உரிமம் கேட்கலாம். எலான் மஸ்க்கும் இங்குள்ள கோடீஸ்வரர் ஜோஹான் ரூபர்ட்டும் எஸ்.ஏ.பி.சி. தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர்களும் ஏதோ ஒரு தளத்தைப் புகழும் வீடியோக்கள் செயற்கை நுண்ணறிவால் செய்த பொம்மலாட்டம்.

சுருக்கமாகச் சில

கடன் தரும் முன் "பதிவுக் கட்டணம்", "காப்பீடு", "வழக்கறிஞர் செலவு" என்று பணம் கேட்டால் அது கடன் நிறுவனமே இல்லை. பதிவு பெற்ற நிறுவனத்துக்கு தேசியக் கடன் ஒழுங்குமுறை ஆணையமான என்.சி.ஆர். கொடுத்த எண் இருக்கும். 0860 627 627இல் கேட்கலாம்.

வேலைக்கு முன்பணம், சீருடைக்குப் பணம், மருத்துவப் பரிசோதனைக்குப் பணம்: வேலை இல்லை. தாய்லாந்தில் கணினி வேலை, சம்பளம் டாலரில், டிக்கெட் இலவசம் என்றால் இன்னும் கவனம். பாங்காக்கில் இறங்கியவர்களை மியான்மர் எல்லையில் மியாவாடிப் பக்கம் கொண்டுபோய் அடைத்து, மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்கர்களும் அங்கே சிக்கியிருக்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையிடம் "உன் வங்கிக் கணக்கை ஒரு வாரம் கொடு, 500 தர்றேன்" என்று நண்பனே கேட்கக்கூடும். மோசடிப் பணம் கைமாறும் கணக்கு அது. கடைசியில் போலீஸ் தேடி வரும் பெயர் கணக்குக்காரருடையது.

சிறு தொகைப் பிடித்தம்: 99 ரேண்ட் டெபிட் ஆர்டர் என்று தெரியாத பெயரில் போயிருந்தால், 40 நாளுக்குள் ஆப்பிலேயே மறுத்துத் திரும்பப் பெறலாம். 100க்குக் கீழே என்றால் கண்ணில் படாது என்ற கணக்கு அது. எல்லாத் தொகைக்கும் அறிவிப்பு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டினால் பணம் அனுப்பாதீர்கள்; ஒருமுறை அனுப்பியவரை விடமாட்டார்கள். உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள். 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் சைபர் குற்றச் சட்டத்தில் சம்மதமின்றி அப்படிப் படத்தை அனுப்புவது குற்றம்.

ஆயா, தாத்தாவின் போனில் ஒரு அரை மணி நேரம்

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து செய்துகொடுக்கலாம். வங்கி ஆப்பில் தினசரி இ.எஃப்.டி. வரம்பை அவர் உண்மையில் செலவழிக்கும் அளவுக்குக் குறையுங்கள். பலருக்கு 2,000 போதும். இணையத்தில் வாங்காதவருக்குக் கார்டின் இணைய வரம்பைப் பூஜ்யம் ஆக்குங்கள். ஓய்வூதியம் வந்து விழும் கணக்கும், கார்டு உள்ள கணக்கும் வேறாக இருக்கட்டும். தெரியாத இடத்திலிருந்து ஆப் நிறுவும் அனுமதியை அணைத்துவையுங்கள். வாட்ஸ்அப் பின்னை நோட்டில் எழுதி அலமாரியில் வையுங்கள், போன் உறைக்குள் அல்ல.

வங்கி என்று யார் அழைத்தாலும் சொல்ல ஒரே வாக்கியம் பழக்குங்கள்: "மகன் வந்ததும் நானே கூப்பிடுகிறேன்." பெரியவர்கள் ஏமாறுவது புத்திக்குறைவால் அல்ல. பேசிக்கொண்டிருப்பவரின் முகத்தில் அடித்தாற்போல் போனை வைப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் அவர்கள். வைப்பதற்கு ஒரு மரியாதையான வாக்கியம் கிடைத்தால் வைத்துவிடுவார்கள்.

பணம் போய்விட்டால்: முதல் ஒரு மணி நேரம்

1. வங்கியின் மோசடிப் பிரிவுக்கு அழையுங்கள். ஆப்பில் கார்டை முடக்கும் பொத்தான் இருந்தால் அழைப்பு காத்திருக்கும்போதே அதை அழுத்துங்கள். "பணம் போன வங்கியைத் தொடர்புகொண்டு அந்தக் கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். குறிப்பு எண், பேசியவர் பெயர், மணி மூன்றையும் எழுதுங்கள். மோசடிக்காரர் ஏ.டி.எம்.மில் எடுப்பதற்குள் பிடித்தால்தான் பணம் மிஞ்சும், அதனால் மற்ற எல்லாம் இதற்குப் பிறகு.

2. திரையைப் பகிரும் ஆப் இறக்கியிருந்தால் வைஃபையையும் டேட்டாவையும் அணைத்து, அதை நீக்குங்கள். நெட்வொர்க் போயிருந்தால் சிம் நிறுவனத்துக்கு வேறு போனிலிருந்து அழையுங்கள்.

3. வேறொரு சாதனத்திலிருந்து முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகுதான் வங்கியும் மற்றவையும். மீட்பு இணைப்புகள் எல்லாம் மின்னஞ்சலுக்குத்தான் வரும். மின்னஞ்சல் அமைப்பில் தெரியாத முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி இருந்தால் நீக்குங்கள்.

4. உரையாடல், எண், இணைப்பு, பணம் போன கணக்கு எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் பிடியுங்கள். கோபத்தில் பிளாக் செய்து அழித்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

5. எந்தக் காவல் நிலையத்திலும் வழக்குப் பதியலாம். "அது நடந்த இடத்துக்குப் போங்கள்" என்றால் நிலையத் தளபதியைக் கேளுங்கள். வழக்கு எண் இல்லாமல் வங்கி அடுத்த கட்டத்துக்குப் போவது அரிது.

6. ஐ.டி. எண் போயிருந்தால் தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையான எஸ்.ஏ.எஃப்.பி.எஸ்.ஸில் 011 867 2234க்கு அழைத்துப் பாதுகாப்புப் பதிவு செய்யுங்கள், இலவசம். உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்டால் கடன் கொடுப்பவருக்கு எச்சரிக்கை தெரியும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவச அறிக்கை தர வேண்டும். மூன்று மாதம் கழித்து ஒன்று, ஆறு மாதம் கழித்து இன்னொன்று என்று பிரித்து வாங்கிப் பாருங்கள்.

"நீங்களே சம்மதம் கொடுத்தீர்கள்" என்று வங்கி மறுக்கக்கூடும், பெரும்பாலும் மறுக்கும். எழுத்தில் முறையீடு கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். அதில் கேட்க வேண்டியவை: பரிமாற்றம் வழக்கத்துக்கு மாறானது என்று உங்கள் முறைமை ஏன் தடுக்கவில்லை, நான் எத்தனை மணிக்குச் சொன்னேன், அதற்குப் பின் எவ்வளவு பணம் வெளியே போனது. நீங்கள் சொன்ன பிறகு போன பணத்துக்குத்தான் உங்கள் வாதம் வலுவாக இருக்கும். எழுதிவைத்த மணி அப்போதுதான் உதவும். பதில் திருப்தி இல்லாவிட்டால் தேசிய நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 0860 800 900. 2024 மார்ச்சிலிருந்து வங்கி, கடன், காப்பீடு எல்லாக் குறைகளுக்கும் ஒரே வாசல் அதுதான், கட்டணம் இல்லை.

சில வாரத்தில் இன்னொரு அழைப்பு வரும். "உங்கள் பணம் போன கணக்கைக் கண்டுபிடித்துவிட்டோம், மீட்டுத்தர 3,500 ரேண்ட் கோர்ட்டுக் கட்டணம்." வழக்கறிஞர், இன்டர்போல், ரிசர்வ் வங்கி, எந்தப் பெயரும் சொல்வார்கள். எவ்வளவு போனது, எந்தத் தேதியில் என்று துல்லியமாகச் சொல்வார்கள். சொல்லத்தான் செய்வார்கள், எடுத்தவர்களே அவர்கள்தான், அல்லது எடுத்தவர்களிடமிருந்து உங்கள் எண்ணை விலைக்கு வாங்கியவர்கள்.